சாடியில் வளரும் நத்தார் மரம்

மார்கழி மாதம் பிறந்து பத்து நாள் செல்லுமுன்னே யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே ஒரு காட்சியை ஆண்டுதோறும் காண்கின்றோம். துவிச்சக்கர வண்டியின் பின்னே நீண்டதொரு சவுக்கங் கொப்பைக் கட்டி, அதன் நுனி தெருவைக் கூட்டிக்கொண்டு வர, ஓர் இளைஞன் மழைத்தூற்றலில் நனைந்தபடி வீடு நோக்கி விரைகின்றான். அவன் வீட்டிலே தம்பியும் தங்கையும் படலையடியிற் காத்து நிற்பார்கள். பழைய தகரம் ஒன்றிலே ஈர மணலை நிரப்பிக் கொப்பை அதில் நாட்டி, பஞ்சும் வர்ணக் காகிதமும் சின்னஞ்சிறு மின்குமிழ்களும் பூட்டிவிட்டால் அதுவே நத்தார் மரம்.

நத்தார் என்னுஞ் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. கிறிஸ்து பிறப்புத் திருநாளை அவர்கள் நத்தால் என்பர். அதனை நாம் நத்தார் என்றும், சிங்கள மக்கள் நத்தல என்றும் ஆக்கிக்கொண்டோம். சொல்லை நம்முடையதாக்கிக்கொண்டது போலவே மரத்தையும் நம்முடையதாக்கிக்கொண்டோம். குளிர்நாட்டுத் தேவதாருவுக்கு இங்கே வழியில்லை. கடற்கரையிலே அதன் சாயலோடு நின்ற சவுக்கு அதன் இடத்தைப் பெற்றது.

அன்பர்களே, அந்தக் கொப்பு எத்தனை நாள் பச்சையாக நிற்கும்? மூன்றாம் நாள் வாடும். ஒரு கிழமையில் நரைக்கும். புதுவருடம் பிறந்தபின் வேலியோரத்திற் கிடக்கும். இதற்குப் பதிலாக, வேரோடு சாடியில் வளரும் மரமொன்றை வீட்டுக்குள் வைத்து அலங்கரித்து, திருநாள் முடிந்தபின் அதனை நிலத்தில் நட்டு வளர்க்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சொல்லுதற்கு இது எளிது. செய்தற்கு அத்துணை எளிதன்று என்பதை நான் அதிபராயிருக்கும் பாடசாலையிலே தவறு செய்து கற்றேன். அத்தவற்றையும் மறையாமற் சொல்லுவேன்.

முதலிலே சவுக்கைப் பற்றிச் சில வார்த்தை. பார்வைக்கு அது ஊசியிலை மரம் போலத் தோன்றினும் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. பூத்துக் காய்க்கும் மரங்களுள் ஒன்று. நாம் இலை என்று கருதும் பச்சை நூல்கள் உண்மையில் மெல்லிய கிளைகளே. அவற்றில் ஒன்றை எடுத்துக் கணுக்கணுவாய்க் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் செதில் போன்ற நுண்ணிய பற்கள் தெரியும். அவைதாம் அதன் இலைகள். தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கரைகளுக்குரிய அம்மரம் இங்கே கொணரப்பட்டது. உப்புக் காற்றையும் வெறும் மணலையும் அது பொறுத்துக்கொள்ளும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்குவதே அதற்குக் காரணங்களில் ஒன்று. காரைநகரின் வடகரைக்குக் கசூரினாக் கடற்கரை என்னும் பெயர் வந்ததும் இம்மரத்தாலேயே.

சவுக்கின் மற்றொரு குணத்தையும் சொல்லவேண்டும். அதன் விறகு பச்சையாயிருக்கும்போதே எரியக்கூடியது. முன்னாளிலே வாடிய சவுக்கங் கொப்பில் மெழுகுதிரிகளை ஏற்றி வைத்த வீடுகளில் அசம்பாவிதம் நேராதிருந்தது கடவுளின் கருணை என்றே நான் எண்ணுவதுண்டு.

திருநாளுக்கு வீட்டினுள்ளே மரம் வைக்கும் வழக்கம் ஜேர்மானியரிடையே வளர்ந்தது. 1605ஆம் ஆண்டளவில் ஸ்ட்ராஸ்பேர்க் நகரத்து மக்கள் வீட்டு அறைகளிலே மரம் நாட்டி, காகித ரோசாக்களும் அப்பிள் பழங்களும் தொங்கவிட்டனர் என்று குறிப்பு உண்டு. விக்டோரியா மகாராணியாரும் ஜேர்மானியரான அவர் கணவர் அல்பேர்ட் இளவரசரும் தம் மக்களோடு அலங்கரித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படமொன்று 1848இல் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தபின், ஆங்கிலேயர் இல்லங்களிலும் அவர்கள் ஆண்ட நாடுகளிலும் இவ்வழக்கம் வேகமாகப் பரவியது. 1816இல் யாழ்ப்பாணம் வந்து பாடசாலைகள் பல நிறுவிய அமெரிக்க மிஷனரிமார் தம்மோடு நத்தார் மரத்தைக் கொணர்ந்திருக்க இடமில்லை. அவர்கள் புறப்பட்ட நியூ இங்கிலாந்துப் பகுதியிலே அக்காலத்தில் நத்தாரே பெருவிழாவாகக் கொண்டாடப்படவில்லை.

இனி நம் பாடசாலைக் கதைக்கு வருவோம். மூன்றாந் தவணை முடிவில் நம் பாடசாலைகளிலே ஒளி விழா நடைபெறுவதை யாவரும் அறிவர். சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்ந்தே பாடுவர், ஆடுவர், பாலன் பிறப்பை நடிப்பர். சில ஆண்டுகளுக்கு முன், கொப்பு வெட்டுவதைக் கைவிட்டு உயிருள்ள மரம் வைப்போம் என்று ஆசிரியர் கூட்டத்திலே முடிவு செய்தோம். மாணாக்கர் சிறுதொகை சேர்த்தனர். கன்றுகள் விற்கும் இடமொன்றிற் கிறிஸ்மஸ் மரம் என்ற பெயரோடு வரிசையாய் நின்ற அரோக்கேரியாக் கன்றுகளில் மூன்றடி உயரமான ஒன்றை வாங்கி வந்தோம். நோர்போக் தீவின் மரம் அது. கப்டன் குக் 1774இல் அத்தீவை அடைந்தபோது கண்டு வியந்த மரம். தட்டுத்தட்டாகக் கிளைபரப்பி, அளவெடுத்துச் செய்தாற்போல நின்றது. பிள்ளைகள் அதனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மண்டபத்து மேடையின் மூலையிலே, மின்விசிறியின் கீழே, பன்னிரண்டு நாள் அதனை வைத்திருந்தோம். விழா சிறப்பாக முடிந்தது. விடுமுறையும் வந்தது. மரத்தை மண்டபத்தில் வைத்துப் பூட்டிவிட்டு யாவரும் வீடு சென்றோம். தைமாதம் பாடசாலை திறந்தபோது கீழ்த்தட்டுக் கிளைகள் பழுத்துத் தொங்கின. அவசரம் அவசரமாகக் கொடிக்கம்பத்தின் அருகே குழி வெட்டினோம். ஒன்றரையடி ஆழத்திலே அலவாங்கு கல்லிற் பட்டு ஒலித்தது. அதற்குமேல் வெட்ட ஒருவருக்கும் பொறுமையில்லை. நட்டோம், கைதட்டினோம், வகுப்புக்குச் சென்றோம்.

மாசி முழுவதும் தண்ணீர் ஊற்றினர். பங்குனியில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது, ஊற்றுவோர் குறைந்தனர். சித்திரை வெயிலிலே மரம் தவிட்டு நிறமாயிற்று. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் தான் குடிக்கக் கொண்டுவரும் போத்தலில் மிஞ்சிய நீரை வீடு செல்லுமுன் அதன் அடியில் ஊற்றிச் செல்வதைப் பலநாள் கண்டேன். மரம் பட்டுவிட்டது என்பதை அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைகாசியிலே, பிள்ளைகள் வீடு சென்றபின், அதனைப் பிடுங்கினோம். பிடுங்க வலிமையே வேண்டியிருக்கவில்லை. வேர்கள் சாடியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றிக் கிடந்தன. ஐந்து மாதத்தில் ஒரு வேராவது புதுமண்ணுக்குட் புகுந்திருக்கவில்லை.

பாடசாலையைக் கூட்டித் துப்புரவு செய்யும் மூதாட்டி அருகே நின்றார். “கலியாணத்துக்கு நட்ட கன்னிக்கால் எண்டால் இப்பிடி விட்டிருப்பியளே, ஐயா?” என்று கேட்டார். அவர் குறை கூறவில்லை. மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். அந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை.

கன்னிக்கால் இன்னதென்பதை இளைய தலைமுறையினருக்காகச் சொல்லிவிடுகின்றேன். யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணங்களிலே, மணநாளுக்கு முன்னர் நல்ல வேளை பார்த்து, முள்முருக்கிலே ஒரு தடியை வெட்டி வந்து முற்றத்தில் நடுவர். குழியிலே நவதானியம் இட்டு, பாலும் நீரும் வார்த்து, மாவிலை கட்டி, மஞ்சளுங் குங்குமமும் சாத்தி அதனை வழிபடுவர். விபரங்கள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். பந்தலின் மற்றைய அலங்காரங்களாகிய குலைவாழையும் கமுகும் தென்னங்குருத்துத் தோரணமும் இரண்டொரு நாளில் வாடி ஒழிவன. கன்னிக்காலோ தளிர்க்க வேண்டியது. முள்முருக்கு தடியாய் நட்டாலும் வேர்கொள்ளும் மரம். ஆதலினாலேயே அதனைக் கிளுவையோடும் பூவரசோடும் சேர்த்து வேலிக்குக் கதியாலாகவும் நாட்டினர். கலியாண வீட்டுக் கன்னிக்கால் தளிர்த்தால் குடும்பந் தழைக்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை எவ்வாறாயினும், அதன் பயன் கண்கூடு: அந்த வீட்டிலே ஒருவர் நாள்தோறும் அதற்கு நீர் வார்த்தார். யார் வார்ப்பது என்பது தடியை வெட்டுமுன்னரே எல்லார்க்கும் தெரிந்திருந்தது. அலங்காரமாக வந்த மரத்தை உயிரோடு வளர்த்துவிடும் கலையை நாம் எங்கோ போய்க் கற்க வேண்டியதில்லை.

இக்காலத்திலே மணவிழாக்கள் மண்டபங்களுக்குப் போய்விட்டன. சீமெந்துத் தரையிலே தடியை எங்கே நடுவது? ஆகவே ஒரு சாடியில் மணலை நிரப்பிக் கன்னிக்காலை அதிற் குத்திவைக்கின்றனர். மறுநாள் மண்டபத்தைக் கழுவுவோர் அதனை வாழைமரத்தோடு சேர்த்து வெளியே எறிகின்றனர். இத்தகைய சாடியொன்றை என் உறவினர் வீட்டுத் திருமணத்தின்பின் நான் காரில் ஏற்றி வந்து வேலியோரத்தில் நட்டேன். மணமக்களின் தாயார் முதலிற் சிரித்தார். பின்னர் மாதந்தோறும் தொலைபேசியில் அதன் சுகத்தை விசாரிக்கலானார்.

குளிர்நாடுகளில் வேரோடு கூடிய மரத்தை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதைக் கனடாவில் வாழும் என் மைத்துனரிடம் கேட்டறிந்தேன். அங்கே மார்கழியில் நிலம் உறைந்து கல்லாகிவிடும். ஆதலின், நிலம் இறுகுமுன்னரே, கார்த்திகை நடுப்பகுதிக்குள் குழியைத் தோண்டி, தோண்டிய மண்ணை உறையாதபடி கொட்டிலுக்குள் வைத்து, குழியைச் சருகால் நிரப்பிப் பலகையால் மூடி வைப்பார்களாம். மரத்தை வீட்டினுள் ஒரு கிழமைக்குமேல், மிஞ்சினாற் பத்து நாளுக்குமேல், வைப்பதில்லை. குளிரில் உறங்கிக்கொண்டிருக்கும் மரம் வீட்டுச் சூட்டிலே கோடை வந்துவிட்டதென மயங்கித் தளிர்விடத் தொடங்கும். அந்தத் தளிரோடு பனிக்குள் போனால் அது பிழைப்பது அரிது. அவர் சொன்னதில் என் மனத்திற் பதிந்தது இதுதான்: மரம் வாங்குமுன்னரே குழி வெட்டப்பட்டிருக்கின்றது. நாமோ மரம் வாடியபின் குழி வெட்டினோம்.

நம் நாட்டிலே பனியில்லை. இடர் வேறு வடிவில் வருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டில் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை கிடைக்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டி முடிந்துவிடும். தைக்குப்பின் வானம் வெளிக்கும். சித்திரையில் சிறிது மழை காணலாம். வைகாசி முதல் சோளகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மேலே சிறிது செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். நத்தார் முடிந்து தையில் நடப்படும் கன்று, வேரூன்றுமுன்னே எட்டுமாத வறட்சியைச் சந்திக்கின்றது. திருநாளும் நடுகைக் காலமும் நம் ஊரில் ஒன்றுக்கொன்று பிந்தியும் முந்தியும் நிற்கின்றன. கார்த்திகையே மரம் நடுவதற்கு ஏற்ற மாதமென எம் முன்னோர் அறிந்திருந்தனர். 2013இல் தெரிவான வட மாகாண சபையும் அம்மாதத்தையே மரநடுகை மாதமாக அறிவித்தது.

ஆகவே நாங்கள் இரண்டாம் முறை வேறு வழியை மேற்கொண்டோம். திருநாள் முடிந்தவுடன் மரத்தை நடுவதில்லை. சாடியிலேயே ஓராண்டு வளர்த்து, அடுத்த கார்த்திகையில், நல்ல மழை இரண்டு பெய்தபின் நடுகின்றோம். அதன் இடத்துக்குப் புதிய கன்றொன்று சாடியில் வந்துவிடுகின்றது. வீட்டிலே கிணறும் நாள்தோறும் நீரூற்ற ஆளும் உள்ளவர் தை முதற்கிழமையிலே நட்டாலும் பிழையில்லை. ஆனால் குழி கார்த்திகையிலேயே தயாராயிருக்க வேண்டும்.

சாடியைப் பற்றிக் கேட்போர் பலர். வாயகலம் ஓரடிக்குக் குறையாத மண்சாடி நன்று. அடியிலே துவாரம் கட்டாயம். செம்மண், மணல், மக்கிய மாட்டெரு ஆகியவற்றைச் சமபங்காகக் கலந்தாற் போதும். சவுக்கங் கன்றாயின், வளர்ந்த சவுக்கமரத்தின் அடியிலிருந்து ஒருபிடி மண்ணெடுத்து அக்கலவையிற் சேர்க்க வேண்டும். முன்னே சொன்ன வேர்முடிச்சு நுண்ணுயிர் அந்த மண்ணோடு வந்து சேரும். இதனை அறியாமல் வளர்த்த கன்றுகள் வெளிறி நிற்பதுண்டு.

வீட்டுக்குள் கொண்டுவருவதிலும் ஒரு முறையுண்டு. வெயிலில் நின்ற கன்றைத் திடீரென இருட்டறையில் வைத்தல் தகாது. முதலில் ஒருகிழமை விறாந்தையில் நிற்கட்டும். பின்னர் யன்னலோரத்திலே, மின்விசிறியின் காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். சாடியின் கீழே தட்டொன்று வைத்தால் தரை நனையாது. ஆனால் தட்டிலே நீர் தேங்கி நிற்கவிடாதீர்கள், வேர் அழுகும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரமில்லாவிடின் மட்டும் நீரூற்றுக. அலங்காரம் இலேசானதாக இருக்கட்டும். சூடேறாத சிறு எல்.ஈ.டி. விளக்குகள் போதும். மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். பனிபோலத் தோன்றும் பொருட்டு வெள்ளை வர்ணத்தைத் தெளிக்கும் வழக்கமும் சில கடைகளால் வந்திருக்கின்றது. இலை மூச்சுவிடும் வழியை அது அடைத்துவிடும். பத்து நாள் கழிந்தபின், வந்த வழியே மெல்லத் திரும்புக: மீண்டும் விறாந்தை, பின் காலை வெயில் மட்டும் படும் இடம், அதன்பின்னரே முழுவெயில்.

நடுகையிலே நாங்கள் முன்பு செய்த தவறு மூன்று. ஒன்று, குழியின் ஆழம். கல் தென்பட்டால் உடைத்தேயாக வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. எங்கள் கமக்காரர் தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வாறே குழியின் அடியிற் பூவரசங் குழையும் பழைய பனையோலையும் இட்டு மேலே மண்ணும் எருவும் பரப்பி, மழையில் ஒரு மாதம் இறுகவிட வேண்டும். இரண்டாவது வேர். சாடியிலிருந்து எடுத்தவுடன் வட்டமாகச் சுற்றிய வேர்களை விரலாற் பிரித்துவிட வேண்டும். பிரியாதவற்றைக் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று இடத்திற் கீறிவிடலாம். எங்கள் அரோக்கேரியா இறந்ததற்குப் பெருங் காரணம் இதுவே. மூன்றாவது நீர். நாலு வாளி நீரை மேலே ஊற்றிவிட்டுப் போவதிலும், அடியிலே நுண்துளையிட்ட மண்பானை ஒன்றைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, துளையிற் துணித்திரி செருகி, பானையை நிரப்பி மூடிவிடுவது மேலானது. நீர் கொஞ்சங் கொஞ்சமாக வேரடிக்கே சென்று சேரும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நிரப்பினாற் போதும்.

ஆட்டைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் மரநடுகையைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு. கன்றைச் சுற்றிப் பனைமட்டையால் ஆளுயரக் கூடு கட்டுங்கள். நாங்கள் கட்டத் தவறிய ஒரேயொரு கன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடு முடித்துவிட்டது.

எந்த மரத்தை வைப்பது? மலைநாட்டுச் சைப்பிரசு நுவரெலியாவின் குளிரிலே செழித்து வளரும். நம் சித்திரையில் அதற்கு வேலையில்லை. அரோக்கேரியா இங்கே வளராது என்று நான் சொல்லவில்லை. உப்புக்காற்றைத் தாங்கும் மரம் அது. ஆனால் சாடியிலே அழகுப்பொருளாய் நிற்கும் அக்கன்று தன் சொந்தத் தீவிலே 150 அடிக்குமேல் உயர்வது. இரண்டு பரப்புக் காணியில், மின்கம்பியின் கீழ் அதனை நடுவோர் பின்னர் அதன் தலையை வெட்டுவர். வெட்டினால் அந்தத் தட்டுத்தட்டான அழகு திரும்பி வராது. சவுக்கும் வீட்டுக் காணிக்கு ஏற்றதன்று. அது விரைந்து உயரும். அதன் சருகு கூரையிலும் கிணற்றிலும் விழும். சருகு மூடிய நிலத்திலே வேறு செடி இலகுவில் முளையாது.

வீட்டுக்காயின் என் தெரிவு புன்னை அல்லது மகிழ். இரண்டும் என்றும் பச்சையாய் நிற்பன. இரண்டும் இம்மண்ணுக்குப் பழகியன. புன்னையின் தடித்த இலை விளக்கொளியிலே நெய் பூசினாற்போல மின்னும். இடம் குறைந்தோர் தோடையையோ எலுமிச்சையையோ வைக்கலாம். தங்கநிறக் கோளங்களைக் கடையில் வாங்காமல் மரமே தரக்கூடும். நாங்கள் முதன்முதலிற் புன்னையை ஒளி விழா மேடையில் வைத்தபோது பிள்ளைகள் முகஞ் சுளித்தார்கள். “இது கூம்பாக இல்லையே, சேர்” என்றான் ஒருவன். பெத்லகேம் ஒலிவ மரங்கள் வளரும் ஊர், அங்கே பனிமூடிய தேவதாருக் காடு இருந்ததில்லை என்று விளக்கினேன். அவன் அதனை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் விளக்குகளைப் பூட்டும்போது முன்னே நின்றவன் அவனே.

சவுக்குக்கு ஏற்ற இடம் கடற்கரை. வடமராட்சி கிழக்கிலே மணற்காடு என்னும் கத்தோலிக்க மீனவர் ஊர் உண்டு. அவ்வூரின் மணற்குன்றுகளிடையே பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலிற் புதைந்தும் புதையாமலும் நிற்பதைச் சென்று காண்போர் பலர். காற்றோடு நகரும் மணல் ஒரு கோயிலையே விழுங்கவல்லது. அந்த மணலைப் பிடித்து நிறுத்துவதற்கு அங்கே உள்ளது சவுக்கங்காடு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி, நத்தாருக்கு மறுநாட் காலை, ஆழிப்பேரலை அந்தக் கரையோர ஊர்களைத் தாக்கியது. அதன்பின் நம் நாட்டின் கரைகளிலும் தமிழகக் கரையிலும் பல இடங்களிற் காப்பரணாகச் சவுக்கு நடப்பட்டது. நடுங்கால் இதிலும் நிதானம் வேண்டும் என்பர் அறிந்தோர். ஆமைகள் முட்டையிடும் மணற்கரையில் சவுக்கின் வேர் அவற்றுக்குத் தடையாகும். அவ்விடங்களிலே அடம்பங் கொடியும் இராவணன் மீசையும் தாழையும் வளரவிடுவதே முறை. ஆனால் ஏற்கெனவே மணலைக் காத்து நிற்கும் தோப்பிலிருந்து மூன்று நாள் அலங்காரத்துக்காகக் கொப்பு முறிப்பதற்கு, அந்தப் புதைந்த கோயிலைக் கண்ட எனக்கு மனம் வருவதில்லை.

கரையோரத்திலிருந்து வரும் எங்கள் மாணவன் ஒருவன் சென்ற முறை சவுக்கங் கன்றொன்றை வீட்டிலே சாடியில் வளர்த்து அலங்கரித்தான். கார்த்திகையிலே அவன் தந்தையார் அதனைத் தம் வள்ளம் இழுக்கும் இடத்துக்கு மேற்கே, ஏனைய சவுக்குகளோடு வரிசையில் நட்டிருக்கின்றார். அதன் உச்சியிலே ஒரு காகித நட்சத்திரம் மழையில் நைந்து தொங்கியதாம், கழற்ற மறந்துவிட்டார்கள்.

பாடசாலையில் இதுவரை நான்கு மரங்களை இம்முறையிலே நட்டோம். ஆடு தின்றது போக மூன்று நிற்கின்றன. மூத்த புன்னை இப்போது அலுவலக யன்னலின் மேற்சட்டத்தை எட்டிவிட்டது. விடுமுறைக் காலத்துக்கென ஒரு இடாப்பு வைத்திருக்கின்றோம். பாடசாலைக்கு அருகே வீடுள்ள பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர் அதில் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே தண்ணீர் ஊற்ற வேண்டிய நாட்களும், படலைத் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. முன்பு போத்தல் நீர் ஊற்றிய அந்தச் சிறுமி இன்று உயர்தர வகுப்பு மாணவி. இடாப்பை எழுதுபவள் அவள்தான். முதல் நாளுக்கு நேரே தன் பெயரையே எழுதியிருக்கின்றாள்.